பரலும் குருந்தமும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழும் மக்களுக்குக் கண்ணகியின் வழக்கைப் பற்றி எவரும் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வைகாசித் திங்களிலே அம்மன் கோயில்களிற் கதவு திறந்து, சடங்குகள் நடந்து, குளிர்த்தியோடு நிறைவுறும் அந்நாட்களில் ‘கண்ணகி வழக்குரை’ பாடப்பெறுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அந்த வழக்கின் முடிவு எதைப் பற்றி நின்றது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சாட்சி சொல்ல ஆளில்லை, எழுதிய ஓலையில்லை. பாண்டிமாதேவியின் சிலம்பினுள்ளே இருந்த பரல் முத்து. கண்ணகியின் சிலம்பினுள்ளே இருந்த பரல் மாணிக்கம். சிலம்பு உடைந்தது, கல் தெறித்தது, வழக்கும் முடிந்தது. ஒரு கல்லின் இனம் அரசன் ஒருவனுடைய உயிரையே வாங்கிவிட்டது.

இந்தக் கதையில் எவரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. அந்த மாணிக்கத்தின் உருவம் எப்படி இருந்திருக்கும்? ‘பரல்’ என்ற சொல்லே அதற்கு விடை தருகின்றது. ஆற்றுப் படுகையிலும் காட்டு வழியிலும் கிடக்கும் சிறு கற்களைப் பரல் என்பது பழந்தமிழ் வழக்கு. சிலம்பின் குழலுக்குள்ளே உருண்டு உருண்டு ஒலிக்க வேண்டிய கல்லுக்குக் கூரிய முனையும் விளிம்பும் பொருந்தா. இன்றைய நகைக்கடையிலே, கோணம் அளந்து, பட்டை பட்டையாக வெட்டி, விளக்கொளியில் மின்ன வைத்திருக்கும் கல்லைக் கண்ணகியின் காலோடு சேர்த்து எண்ணுதல் தகாது. அவள் சிலம்பில் இருந்தது தேய்த்து உருட்டி மெருகிட்ட கல்லே.

அவ்வாறு தேய்த்து உருட்டும் கலையைப் பற்றியே இன்று பேச எண்ணியுள்ளேன். அடிப்புறம் தட்டையாகவும் மேற்புறம் குவிந்தும், நீரிலே எழுந்த குமிழியைப் பாதியாக வெட்டி வைத்தாற்போல அமைந்த கல்லை ஐரோப்பியர் ‘கபொஷோன்’ என்பர். தலையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து பிறந்த பெயர் அது. நாம் அதனைக் குமிழ்க்கல் என்போம். நம்முடைய கோயில் நகைகளிலே, அட்டிகையிலும் நெற்றிச்சுட்டியிலும் பதித்த கெம்புக் கற்களைப் பார்த்தவர்கள் குமிழ்க்கல்லைப் பார்த்தவர்களேயாவர். அண்மைக்காலமாக இதனை வீட்டிலிருந்தபடியே ஓய்வுநேரத் தொழிலாகக் கற்க விரும்புவோர் உலகெங்கும் பெருகியுள்ளனர். மட்டக்களப்பிலே ஓர் ஆசிரியரோ மாணவரோ அதனைக் கற்க விரும்பினால், “இரத்தினபுரிக்குப் போ, பேருவளைக்குப் போ, இங்கே அதற்கு என்ன இருக்கிறது?” என்றே அயலார் கேட்பர். அந்தக் கேள்வி நியாயமானதுதானா என்பதை வரலாற்றை வைத்தே ஆராய்ந்து பார்ப்போம்.

மணிகளின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் மணிகளைப் பற்றியே எழுதினார்கள். எந்த அரசன் முடியில் எந்தக் கல் இருந்தது, எந்தப் போரில் அது கைமாறியது என்பவையே அவர்களுக்குப் பொருளாயின. எனக்கோ இந்த வரலாறு கல்லைத் தேய்த்த பொடியின் வரலாறாகவே தோன்றுகின்றது. கல்லைக் கத்தியால் நறுக்க இயலாது. அதனினும் கடினமான ஒன்றின் பொடியைக் கொண்டு தேய்த்தே அதனைக் குறைத்தல் வேண்டும். ஆகவே, கடினமான பொடி எவர் கையில் இருந்ததோ அவரே மணிவினைஞர். அப்பொடி கிட்டாத ஊரில், கல் காலடியிற் கிடந்தாலும் அக்கலை இல்லை.

மோஸ் என்னும் செருமானிய அறிஞர் கனிப்பொருள்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தி வைத்தார். அவ்வரிசையிலே களிக்கல் எனப்படும் பெல்சுப்பார் ஆறு, பளிங்கு ஏழு, புட்பராகம் எட்டு, நீலமும் மாணிக்கமும் ஒன்பது, வைரம் பத்து. கடற்கரை மணலிற் பெரும்பகுதி பளிங்குத் துகளே. ஆதலால், வெறும் மணலையும் நீரையும் கொண்டு மென்மையான கற்களையெல்லாம் எவரும் தேய்த்துவிடலாம். பளிங்கையே தேய்க்க வேண்டுமானாலும் மணல் ஓரளவு உதவும். ஆனால் ஏழினால் ஏழைத் தேய்ப்பது பொறுமையின் எல்லையைச் சோதிக்கும் வேலை. நீலத்தையோ மாணிக்கத்தையோ மணலிலே தேய்த்தால் மணல்தான் மாவாகும்.

இங்கேதான் குருந்தம் வருகின்றது.

குருந்தம் என்பது நீலத்துக்கும் மாணிக்கத்துக்கும் உடன்பிறப்பு. பொருளால் மூன்றும் ஒன்றே. அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த பளிங்குருவம். தெளிவும் நிறமும் வாய்த்தால் அதனை மணி என்று முடியிலே வைக்கிறோம். வாய்க்காவிட்டால் இடித்துப் பொடியாக்குகிறோம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் அரண்மனையிலும் ஒருவன் உலைக்களத்திலும் இருப்பது போன்றதே இது. தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியிலும், சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கங்களிலும் இந்தக் குருந்தம் கிடைக்கின்றது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி இதற்குப் பேர்போன இடம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே இந்தக் கற்கள் சென்னையிலிருந்து இலண்டனுக்குச் சென்று அங்குள்ள அறிஞரை வியப்பில் ஆழ்த்தின. 1798ஆம் ஆண்டிலே சார்ள்ஸ் கிரெவில் என்பவர் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் ஆசியாவின் குருந்தக் கல்லைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். கல்லோடு பெயரும் போயிற்று. இன்று ஆங்கிலம் முதலான மொழிகளில் இக்கனிப்பொருளுக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயர் தமிழ்க் குருந்தமேயன்றி வேறன்று. அகராதிகள் அனைத்தும் இதனை ஒப்புகின்றன. அரிசியும் இஞ்சியும் அயல்நாட்டுக்குத் தந்த சொற்களைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். குருந்தத்தைப் பேசுவார் மிகச் சிலரே.

குருந்தம் கிடைத்த நாட்டிலே மணித்தொழில் செழித்தது வியப்பன்று. ஈரோட்டு மாவட்டத்திலே நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணல் என்னும் ஊரைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985ஆம் ஆண்டு தொடங்கிப் பலமுறை அகழ்ந்தனர். பதிற்றுப்பத்திலே கொடுமணம் என்று சுட்டப்படும் ஊர் இதுவே என்பர். அங்கே முழுமைபெற்ற மணிகள் மட்டும் கிடைத்திருந்தால் அது செல்வர் வாழ்ந்த ஊர் என்று சொல்லி விட்டிருப்போம். கிடைத்தவையோ எல்லா நிலையிலும் இருந்தன: உடைத்து எடுத்த கரட்டுக் கல், தட்டி உருவம் கொடுத்த கல், தேய்த்தும் மெருகிடாத கல், மெருகிட்டும் துளையிடாத கல், துளையிடும்போது பிளந்து எறியப்பட்ட கல். பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம், பச்சைக்கல் ஆகிய எல்லாம் அங்கே இருந்தன. ஒரு தொழிற்சாலையின் குப்பை அத்தொழிலின் பாடநூலாக அமைந்துவிட்டது. எறிந்தவனுக்கு அது நட்டம். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னர் படிப்பவர்களுக்கு அதுவே ஆசான். பிழையின்றி முடிந்த மணியைப் பார்த்து அதனை எப்படிச் செய்தான் என்று அறிய முடியாது. பிழைத்த மணியே அதனைச் சொல்லும்.

பாக்கு நீரிணைக்கு இப்பாலும் அந்த மணிகளின் உறவு உண்டு. தம்புள்ளைக்கு அண்மையில் உள்ள இப்பன்கட்டுவைப் பெருங்கற்காலப் புதைகுழிகளிலே சூதுபவளம், கோடுள்ள ஓனிக்சு முதலிய மணிகள் கிடைத்தன. அக்கல் வகைகள் இலங்கை மண்ணுக்குரியனவல்ல, கடல்வழியே வந்தவை. மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியில், வெருகலுக்குத் தெற்கேயுள்ள கதிரவெளியிலும் கற்பலகைகளால் அமைத்த பெருங்கற்காலக் கல்லறைகள் உள்ளன. கிழக்குக் கரையிலே அந்தப் பண்பாட்டுக்கு நமக்குக் கிடைத்துள்ள சிறந்த சான்று அது. கல்லைப் பிளந்து பலகையாக்கி, இறந்தோருக்கு வீடு கட்டிய மக்கள் வாழ்ந்த மண் இது என்பதை மறவாதிருப்போம். அங்குள்ள கல் எதனையும் எவரும் பெயர்த்துச் செல்லலாகாது என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லி வைக்கிறேன்; தொல்பொருட் சட்டம் அதனைத் தடுக்கின்றது. கல் தேடிப் புறப்படும் இளைஞருக்கு இது முதற்பாடம்.

பொடி மட்டும் இருந்தாற் போதாது; அது கல்லின் மீது ஓடுவதற்கு ஒரு பொறி வேண்டும். அதுவே சாணை. குருந்தப் பொடியை உருக்கிய அரக்கோடு சேர்த்துப் பிசைந்து, வட்டமாக வார்த்து, அச்சிலே பொருத்தி, வில்லின் நாணை அச்சிற் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால் வட்டு சுழலும். கத்திக்குச் சாணை பிடிப்பவரின் சக்கரமும் மணிகாரனின் சக்கரமும் ஒரே குலத்தவை. இலங்கையில் மணி வெட்டுவோர் வழிவழியாகக் கையாண்ட பொறியைச் சிங்களத்தில் ‘ஹனபொருவ’ என்பர். வட்டு செங்குத்தாக நிற்கும். வினைஞன் தரையிலே குந்தியிருந்து வலக்கையால் வில்லை இழுத்து, இடக்கையாற் கல்லைப் பிடித்து அழுத்துவான். அளவுகோல் இல்லை, கோணமானி இல்லை. விரல் நுனியே அவனுக்கு அளவுகோல்.

தேய்த்து முடிந்த கல்லுக்கு இறுதி மெருகு கொடுக்க அவர்கள் எடுத்த பொருளைக் கேட்டால் வாவிக்கரை உழவர் வியப்படைவர். நெல்லின் உமியை எரித்த சாம்பலே அது. உமிச்சாம்பலை நீரிற் குழைத்துச் செப்பு வட்டிலே பூசி, அதன்மேல் நீலத்தைத் தேய்த்தனர். உமியிலே சிலிக்கா என்னும் பொருள் மிகுதியாக உண்டு. எரித்த பின்னர் எஞ்சுவது பெரும்பாலும் அதுவே. ஏழு என்னும் படியிலுள்ள பளிங்கின் இனமான பொருள் ஒன்பதாம் படியிலுள்ள நீலத்தை மெருகிடுவது எவ்வாறு? முன்னர் நான் சொன்ன கணக்குக்கு இது முரணாகத் தோன்றும். வெட்டுவது வேறு, மெருகிடுவது வேறு. மெருகிடும்போது மேற்பரப்பிலே மிக மெல்லிய வேதிவினையும் நிகழ்ந்து, இளகிய படலம் ஒன்று துடைத்தெடுக்கப்படுகின்றது. இன்று மின்னணுக் கருவிகளுக்காக நீலக்கல் வில்லைகளை மெருகிடும் பெரிய ஆலைகளிலும் நுண்ணிய சிலிக்காக் குழம்பையே பயன்படுத்துகின்றனர். வேதியியல் நூலைக் கண்டிராத கைகள் அடுப்புச் சாம்பலிலே அந்த உண்மையைக் கண்டுகொண்டிருந்தன.

இத்தகைய கைத்தொழில்களை மதித்து நோக்கிய தமிழர் ஒருவரை இங்கே நினைத்தல் வேண்டும். ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றாசிரியராகவே பலரும் அறிவர். அவர் முதலில் நிலவியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தவர். கற்களைத் தேடி நாடெங்கும் நடந்தபோதே கைவினைஞர்களின் வாழ்வைக் கண்டார். அந்நடையின் விளைவாக 1908இல் வெளிவந்த அவருடைய பெருநூல் கண்டி நாட்டுக் கைவினைகளைப் பற்றியது. கல் அவரைக் கலைக்கு அழைத்துச் சென்றது எனலாம்.

அவர் நடந்து ஆராய்ந்த நிலவியலைக் கொண்டு பார்த்தால், அயலாரின் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். இலங்கையின் மணிகள் பெரும்பாலும் உயர்நிலத் தொகுதி எனப்படும் நடுநாட்டுப் பாறைகளைச் சார்ந்தவை. அப்பாறைகள் சிதைந்து, ஆறுகள் அடித்துவந்து, பள்ளங்களிற் படிந்த சரளை அடுக்கை ‘இல்லம்’ என்பர். இரத்தினபுரியிலும் எலகரையிலும் அந்த இல்லத்தைத் தோண்டியே மணி எடுக்கின்றனர். மட்டக்களப்போ விஜயன் தொகுதி எனப்படும் வேறொரு பாறைப் பரப்பின் மேல் அமைந்தது. பட்டைக்கல் எனத்தக்க வரிகள் ஓடும் நைசுப் பாறையும், இளஞ்சிவப்புக் களிக்கல்லும், அவற்றை ஊடறுத்துச் செல்லும் வெண்பளிங்கு நரம்புகளுமே இங்குள்ள செல்வம். நீலம் தேடி இங்கே குழி தோண்டுவது வீண். (உரிமப் பத்திரமின்றி எங்கும் மணிக்குழி தோண்டுவது குற்றம் என்பது வேறு.) கல்லடி என்றும் கல்லாறு என்றும் ஊர்ப்பெயர்களிலே கல்லுக்குக் குறைவில்லை, அந்தக் கல் மணியன்று, அவ்வளவே.

கேள்வியின் மறுபாதி, கலை எவருடையது என்பது. இலங்கையின் மணி வாணிகத்திலும் மணி வெட்டும் தொழிலிலும் நெடுங்காலமாக முன்னிற்போர் சோனகர். பேருவளைச் சீனன்கோட்டையிலே நடைபெறும் மணிச் சந்தை உலகப் புகழ் பெற்றது. அங்குள்ள சோனகரின் வீட்டுமொழி தமிழ். ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் பேசப்படும் மொழிக்கு உறவான தமிழிலேதான் அங்கே நீலத்தின் குற்றமும் குணமும் பேசப்படுகின்றன. இதற்கும் முற்பட்ட சான்று ஒன்றுண்டு. 1344ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபுன் பத்தூத்தா, புத்தளம் என்று கருதப்படும் இடத்திலே யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். அம்மன்னனிடம் உள்ளங்கையளவான மாணிக்கக் கிண்ணம் ஒன்று இருந்ததாகவும், அதிலே அகில் எண்ணெய் வைத்திருந்ததாகவும் எழுதியிருக்கிறார். அத்துணைப் பெரிய கல் உண்மையில் மாணிக்கந்தானா என்று இன்றைய கல்லறிஞர் ஐயுறுவர், நானும் ஐயுறுகிறேன். ஆயினும், எந்தக் கடினமான சிவப்புக் கல்லானாலும் அதனை உட்குடைந்து கிண்ணமாக்குவது குமிழ்க்கல் தேய்ப்பதினும் பன்மடங்கு அரிய வேலை. கல் எதுவாயினும், அதனைக் குடைந்த கையைப் பற்றி ஐயுற வேண்டியதில்லை.

ஐரோப்பாவிலே பதினைந்தாம் நூற்றாண்டுக்குப் பின்னர் பட்டை வெட்டும் கலை வேகமாக வளர்ந்தது. வைரப் பொடியும் இரும்புச் சக்கரமும் அதற்கு வழி செய்தன. ஒளி கல்லுக்குள் புகுந்து, பட்டைகளில் மோதி, மீண்டும் கண்ணுக்கே திரும்பும்படி கோணங்களைக் கணக்கிட்டனர். அதன்பின் குமிழ்க்கல் பழமையானது, பாமரமானது என்னும் எண்ணம் பரவிற்று. ஆனால் மூன்று கற்கள் அந்த எண்ணத்துக்குப் பணியவில்லை. வைடூரியம், சந்திரகாந்தம், நட்சத்திர நீலம் என்னும் அம்மூன்றுக்கும் இலங்கையே பெயர்பெற்ற தாயகம் என்பது நமக்குப் பெருமை.

நட்சத்திர நீலத்தின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய ஊசிகள் மூன்று திசைகளிற் படிந்திருக்கும். உரூத்தைல் என்னும் கனிப்பொருளாலான அவ்வூசிகள் ஒன்றுக்கொன்று அறுபது பாகைச் சாய்வில் அமைந்தவை. கல்லைக் குமிழாகத் தேய்த்து ஞாயிற்றின் கீழே பிடித்தால், ஒவ்வொரு திசை ஊசியும் ஓர் ஒளிக்கீற்றை எழுப்பும். மூன்று கீற்றும் உச்சியிலே குறுக்கிட, ஆறு கதிருள்ள விண்மீன் ஒன்று கல்லின் மீது மிதக்கும். தட்டையாகத் தேய்த்தால் விண்மீன் இல்லை. பட்டை வெட்டினாலும் இல்லை. குமிழாகத் தேய்த்தாலும், கல்லின் அச்சை அறியாமல் அடித்தளத்தைச் சாய்த்து வைத்துவிட்டால், விண்மீன் ஓரத்தில் ஒதுங்கிவிடும். ஆகவே, தேய்க்கத் தொடங்குமுன்னரே கரட்டுக் கல்லின் மேல் ஒரு துளி எண்ணெயை வைப்பர். அத்துளி தானே ஒரு குமிழாகி, உள்ளே உறங்கும் விண்மீனைச் சற்றே காட்டும். கல்லைத் திருப்பித் திருப்பித் துளியை இடம்மாற்றி, அச்சு எங்கே என்று கண்டுகொள்வான் வினைஞன். வைடூரியத்தில் ஒரே திசையில் இழைகள் அமைந்திருப்பதால் பூனைக்கண் போல ஒரே கீற்று ஓடும்.

இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு நியூயோர்க்கு நகரத்து அமெரிக்க இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையிலே இருக்கின்றது. 563 கரட் நிறையுள்ள, அதாவது ஏறத்தாழ 113 கிராம் எடையுள்ள நட்சத்திர நீலம் அது. கோடீசுவரரான ஜே. பி. மோர்கன் 1900இல் வழங்கியது. 1964 ஒக்டோபரில் திருடர்கள் இரவிலே சாளரத்தின் வழியாகப் புகுந்து அதனைக் கவர்ந்தனர். 1965 சனவரியில் மியாமி நகரத்துப் பேருந்து நிலையப் பெட்டகம் ஒன்றிலிருந்து அது மீட்கப்பட்டது. இலங்கையிலே தோன்றியதாகக் கொள்ளப்படும் அக்கல்லுக்கு ‘இந்திய விண்மீன்’ என்று பெயர் சூட்டியிருப்பதைத்தான் நம்மவர் எவரும் இதுவரை வழக்காடி மீட்கவில்லை!

குமிழ்க்கல் வாணிகத்திலே ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். கல் நிறைக்கு விலை போவதால், அடிப்புறத்தைத் தேய்க்காமல் பானைவயிறு போலப் பருமனாக விட்டுவிடுவது நம் நாட்டு வெட்டின் நெடுநாள் வழக்கம். மோதிரத்தில் மறைந்து கிடக்கும் அந்தத் தொந்திக்கும் வாங்குபவர் பணம் கொடுக்கிறார். அதனை நான் கலையாகக் கருதுவதில்லை.

இவ்வளவும் வழிவழி வந்த தொழிலோரின் கதை. தந்தை மகனுக்கும், மாமன் மருமகனுக்கும் சொல்லிக் கொடுத்த வித்தை. நல்ல பொடி அருமையானது. அதனை இடித்து, அரித்து, தரம் பிரிப்பது பேருழைப்பு. வெளியாள் ஒருவன் விரும்பினாலும் அதற்குள் நுழைய வழியில்லை. அந்தக் கதவு 1891இல் எதிர்பாராத ஓரிடத்திலே திறந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே எட்வேட் அச்சன் என்பவர், செயற்கை வைரம் செய்யும் நோக்கத்தோடு களிமண்ணையும் கரியையும் சேர்த்து அவற்றினூடே வன்மையான மின்னோட்டத்தைச் செலுத்தினார். வைரம் வரவில்லை. மினுமினுக்கும் சில துகள்கள் மட்டுமே வந்தன. அவை கண்ணாடியைக் கீறின, குருந்தத்தையும் கீறின. கரியும் குருந்தமும் கூடிப் பிறந்த பொருள் என்று தவறாக எண்ணிய அவர் அதற்குக் ‘காபொரண்டம்’ என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கனும் கரியும் சேர்ந்தது. எண்ணம் பிழை, பெயர் நிலைத்துவிட்டது. நாமக்கல் மண்ணிலிருந்து போன குருந்தம் என்னும் சொல்லின் பிற்பாதி அந்தப் புதுப்பொருளின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது.

அப்பொடியை முதலில் வாங்கியவர்கள் மணி மெருகிடுவோரே. அப்போது அதனைக் கரட் கணக்கில் நிறுத்து விற்றனர்; மணிக்கு நிகரான மதிப்பு! நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் கிடைத்தபின் அது மூட்டை மூட்டையாக உருவாயிற்று. விலை விழுந்தது. கொல்லன் கடைக்கும் தச்சன் பட்டறைக்கும் வந்தது. குலவித்தையாக இருந்த ஒன்று எவர்க்கும் எட்டும் கைவேலையானது அதன்பின்னரே. அமெரிக்காவில் ஆசிரியர்களும் அஞ்சற்காரரும் விடுமுறை நாட்களிலே கல் பொறுக்கி, வீட்டுக் கொட்டகையிலே தேய்க்கத் தொடங்கினர். 1947ஆம் ஆண்டளவில் அவர்களுக்கெனத் தனி இதழும் சங்கங்களின் கூட்டமைப்பும் தோன்றிவிட்டன. நம்மூரில் வாகனங்களுக்கு வர்ணம் பூசுவோர் நீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்புத் தாளைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தாளில் ஒட்டியிருக்கும் கறுப்புத் துகள் அச்சன் கண்ட அதே பொருள். கொடுமணலின் வினைஞன் கனவிலும் கண்டிராத பொடி மட்டக்களப்பு நகரக் கடையிலே தாள் தாளாகக் கிடைக்கின்றது. மணி விளையாத மண்ணிலே இந்தக் கலையைக் கற்பதற்குத் தடையாக இருந்தது கல்லின்மையன்று, பொடியின்மை. அத்தடை நீங்கி நூறாண்டுக்கு மேலாகின்றது.

இனி, கற்க விரும்புவோர் கையிற் கல்லை எடுக்கலாம். நைசுப் பாறையில் கருமையாக மின்னும் அப்பிரகம் மிகுந்த துண்டு வேண்டாம். அப்பிரகம் மென்மையானது; சூழ்ந்திருக்கும் பளிங்கு தேயுமுன் அது குழிந்துவிடும்; மெருகு ஏறாது. வெண்பளிங்கு நரம்பிலிருந்து வெடிப்பில்லாத துண்டு ஒன்றோ, நெருக்கமான இளஞ்சிவப்புக் களிக்கல்லோ போதும். அடியைத் தட்டையாகத் தேய்த்து, அதன்மேல் வேண்டிய நீள்வட்டத்தை வரைந்துகொள்ளல் வேண்டும். பென்சிற்கோடு நீரில் அழிந்துபோம். அலுமினியக் கம்பியால் வரைந்த கோடு அழியாது. கல்லைச் சற்றே சூடாக்கி, உருக்கிய அரக்கினால் ஒரு கோலின் நுனியில் ஒட்டினால் பிடி கிடைக்கும். பிறகு கோடு வரை ஓரங்களைத் தேய்த்து, சரிவு ஒன்று எடுத்து, அச்சரிவின் மேல் இன்னொரு சரிவு எடுத்து, சரிவுகளின் முனைகளை ஒன்றோடொன்று கரைத்துவிட்டால் குமிழ் பிறக்கும். கை ஓயாமல் கோலை உருட்டிக்கொண்டே இருத்தல் வேண்டும். ஓய்ந்த இடத்திலே தட்டை விழும்.

தாளின் பின்புறத்தில் 80, 220, 400, 600, 1200 என்று எண்கள் இருக்கும். எண் உயர உயரத் துகள் நுண்மையாகும். ஒவ்வொரு படியின் வேலையும் முந்திய படி விட்ட கீறல்களை அழிப்பதுதான், வேறெதுவும் அன்று. ஒரு படியை விட்டுத் தாண்டுபவன் அடுத்த படியில் இருமடங்கு நேரத்தைச் செலவிடுவான். படி மாறும்போதெல்லாம் கையையும் கல்லையும் கழுவுதல் இன்றியமையாதது. 220இன் ஒரே ஒரு துகள் 1200இன் தாளிலே சேர்ந்தால் போதும், பகல் முழுதும் செய்த வேலை வீணாகும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லை உலர்ந்தபடி தேய்க்கலாகாது. குசராத்து மாநிலத்துக் காம்பாத்து நகரிலே பல நூற்றாண்டுகளாகச் சூதுபவளமும் அகேற்றும் தேய்த்து உலகுக்கு மணி வழங்கிய குடும்பங்கள் உண்டு. உலர்ந்த சக்கரத்தில் எழுந்த பளிங்குத் தூசியைச் சுவாசித்து, சிலிக்கோசிசு என்னும் நுரையீரல் நோயால் அவர்களுட் பலர் இளவயதிலேயே மடிந்தனர். அகமதாபாத்துத் தேசிய தொழிற்சுகாதார நிறுவனத்தார் அதனை ஆராய்ந்து ஆவணப்படுத்தியுள்ளனர். அந்தத் தூசி கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலிற் புகுந்தால் வெளியேறாது, மருந்தும் இல்லை. அழகிய மணிமாலைகளின் விலையிலே அந்தக் கணக்கை எவரும் சேர்ப்பதில்லை. பொழுதுபோக்குக்காகத் தேய்ப்பவருக்கும் விதி ஒன்றே: நீர் ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும், அல்லது கிண்ணத்து நீரிலே தாளும் கல்லும் நனைந்தே இருத்தல் வேண்டும். தேய்த்த சேற்றை உலரவிடாமல் துடைத்து அகற்றுவதும் அவ்விதியின் பகுதியே.

1200ஆம் தாளும் முடிந்தபின் ஈரத்தோலிலே சீரியம் ஒட்சைட்டுப் பொடியைக் குழைத்துப் பூசி, கல்லை அழுத்தித் தேய்ப்பர். கண்ணாடி மெருகிடுவோர் கையாளும் இளஞ்சிவப்புப் பொடி அது. அது கிட்டாதவர்கள், அறுவடை முடிந்த வயற்கரையிலிருந்து ஒரு பிடி உமியை எடுத்து எரித்து, சாம்பலை நன்றாக அரித்துப் பார்க்கலாம். பளிங்குக்கு அது எவ்வளவு தூரம் உதவுகின்றது என்பதைத் தாமே கண்டறிவது நல்ல ஆராய்ச்சி. நனைந்திருக்கும் வரை எல்லாக் கல்லும் மெருகிட்ட கல்லாகவே தோன்றும். ஆதலால், அரக்கிலிருந்து கழற்றுமுன் கல்லைத் துணியாலே துடைத்து, நன்றாக உலரவிட்டு, சாளரத்தோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தல் வேண்டும். குமிழின் மேலே சாளரத்தின் சட்டம் தெளிவாகத் தெரிந்தால் கல்லைக் கழற்றலாம். மங்கலாகத் தெரிந்தால் மீண்டும் 600ஆம் தாளுக்கே போதல் வேண்டும்.